எட்டு ஆம்பியர்

மீன் நாற்றம் என்றுதான் நினைத்தாராம்.
சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டை ஒட்டித்
தினமும் போகிற வண்டி.
மூன்று நாள் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டியிருக்கிறார்.
ஏற்ற ஏற்ற நாற்றம் கூடியது.
நான்காம் நாள் ராத்திரி, ஸ்பென்சர் சிக்னலில்,
முழங்காலுக்கு மேலே ஏதோ சுட்டது.
இரண்டு ஹெட்லைட்டும் ஒருசேர அணைந்தன.

எழுபத்தாறு மாடல் ஃபியட். மோர் நிறம்.
ஓட்டுகிறவர் சுகுணவதி,
ஹைகோர்ட்டில் சுருக்கெழுத்து வேலை.
புதுப்பேட்டைச் சந்தில்,
கழற்றிச் சாத்திய கதவுகளுக்கு நடுவே வண்டியைச் செருகிவிட்டு
ஸ்டூலில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்,
டாக்டர் கூப்பிடட்டும் என்பதுபோல.

நான் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்தேன்.
வாயில் டார்ச்சு.
ஃப்யூஸ் பாக்ஸ் ஓரம் உருகிக் கோணியிருந்தது.
பித்தளைக் கவ்விகள் நீலம் பாரித்து,
பிடிக்க வேண்டியதைப் பிடிக்காமல் விரிந்துகிடந்தன.
வெள்ளை ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு.
எட்டு ஆம்பியர் வேலைக்குப் பதினாறு ஆம்பியர் காவல்.
அதுவும் போதாமல்
சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாள், மூன்று சுற்று.

எவன் செஞ்ச வேலைங்க இது, என்றேன்,
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மீட்டரை வைத்தேன்.
பேட்டரியில் பன்னிரண்டரை,
விளக்கில் ஒன்பதே முக்கால்.
நடுவில் தொலைந்த இரண்டே முக்கால்
வேறெங்கும் போகவில்லை,
களிம்பேறிய மூட்டுக்கு மூட்டு
சூடாக உட்கார்ந்திருந்தது.
தொடுவது அரைகுறையாகத் தொட்டால்
தொட்ட இடம்தான் வேகும்.

முன்னால் போய்
இடது இண்டிகேட்டரைப் போடச் சொன்னேன்.
பார்க் லைட்டும் சேர்ந்து கண்ணடித்தது.
எர்த்து இல்லை.
மட்கார்டுத் திருகைக் கடல் காற்று தின்றிருந்தது,
பெசன்ட் நகர், கூரையில்லாத பார்க்கிங்.
திரும்பிப் போக வழி கிடைக்காத கரண்ட்டு
அடுத்த பல்பின் இழைக்குள் புகுந்து
அந்த வழியாகப் போய்ச் சேரப் பார்க்கிறது.
இதுவும் மங்கல், அதுவும் மங்கல்.
உப்பு தின்றதை உப்புத்தாளால் தேய்த்தேன்,
தகரம் பளிச்சென்று பல்லைக் காட்டும்வரை.

பழைய வயரை உருவும்போதுதான்
பச்சை டேப்புக்குள் அந்த ஜாயின்ட் வந்தது.
இடப்பக்கம் முறுக்கு.
டேப்பின் நுனியை மடித்து உள்ளே செருகியிருந்தது,
அடுத்த தடவை பிரிக்கச் சுலபமாக.
இந்தச் சந்தில் இடது கைக்காரன் ஒருத்தன்தான்.

டார்ச்சை எடுத்துவிட்டு வெளியே தலை நீட்டினேன்.
புயலன்னிக்கு, என்றேன். மவுண்ட் ரோட்டில மரம் விழுந்து...
அவர் தலையாட்டினார்.
கோர்ட்டில் எடுத்த குறிப்பைத் திருப்பி வாசிப்பதுபோல்
ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னார்:
"வீடு வரைக்கும் தாங்கும்னு சொன்னீங்க.
ஒன்பது வருஷமா
வீடு வரைக்கும்தான் போயிட்டிருக்கேன்."

அதன் பிறகு நான் அதிகம் பேசவில்லை.
புது பாக்ஸ், புதுக் கவ்வி,
வெள்ளை இருந்த இடத்துக்கு வெள்ளை.
பானெட்டுக்குள் இரண்டு ரிலே,
பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த சிவப்பு வயர், அதற்குத் தனி ஃப்யூஸ்.
சுவிட்சு இனிமேல் சுமக்க வேண்டாம்,
சொன்னால் போதும்.

ஏழு மணிக்குப் போட்டேன். உள்ளே டிக்கென்றது.
எதிர்ச்சுவரில் சாத்தியிருந்த
யார் யாருடைய வண்டிக் கதவுகளோ
கைப்பிடி கைப்பிடியாகத் தெரிந்தன.
டீ எடுத்துக்கொண்டு வந்த பையன்
கையால் கண்ணை மறைத்துக்கொண்டு திட்டினான்.

அரை மணி எரியவிட்டு
பாக்ஸைப் புறங்கையால் தொட்டேன். சூடில்லை.
அவரையும் தொடச் சொன்னேன். தொட்டார்.
பில்லில் கூலி என்ற இடத்தைக் காலியாக விட்டேன்.
அவரே ஒரு தொகை எழுதி எண்ணி வைத்தார்.

"இது எது வரைக்கும் தாங்கும்?"

வாய்வரை வந்ததை நிறுத்திக்கொண்டேன்.
அவர் கைப்பையைத் திறந்துகொண்டிருந்தார்.
சாவியை எடுக்கிறாரா, பேனாவையா என்று
பார்த்துக்கொண்டு நின்றேன்.